மலினோ பள்ளிக்கு வரும் பிள்ளைகள்

கப்போலெய், ஓஆஹு தீவு
11 ஜனவரி 2015

என் தங்கம் நோஹேவுக்கு,

அலோஹா. நீயும் மாப்பிள்ளை ரோமெலும் குழந்தை லீகோவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பாலைவனக் காற்றில் குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்ததே, நின்றதா? கட்டிலுக்குப் பக்கத்தில் ஈரத்துண்டைத் தொங்கவிடச் சொன்னேன், செய்கிறாயா? என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதை விடு.

ஏன் திடீரென்று கடிதம் என்று கேட்பாய். போன தடவை ஃபோனில் பேசியபோது நீ அழுதாய், நான் கத்தினேன். யார் முதலில் வைத்தோம் என்றுகூடத் தெரியவில்லை. இனிமேல் முக்கியமான சங்கதி எல்லாம் காகிதத்தில்தான்.

சங்கதி இதுதான். நாங்கள் ஒரு சார்ட்டர் பள்ளிக்கு விண்ணப்பம் போடப்போகிறோம். பணம் அரசாங்கம் தரும், பள்ளியை நடத்துவது நாமே. கணக்கு, அறிவியல், எல்லாம் நம் ஹவாய் மொழியில். பெயர் மலினோ. நான், என் சிநேகிதி வெர்னா, இன்னும் சிலர் சேர்ந்திருக்கிறோம். ஊர் வீங்கிக்கொண்டே போகிறது நோஹே. கரும்பு போன பிறகு வெறும் செம்மண்ணாகக் கிடந்த இடமெல்லாம் இப்போது வீடுகள். புதிதாக ஒரு தெரு முளைத்தால் அதில் நமக்குத் தெரிந்த முகம் ஒன்று இருக்காது. நான் வேலை பார்க்கும் பள்ளியில் பிள்ளைகளுக்கு இடம் இல்லாமல் மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். இப்போது கேட்டால்தான் கிடைக்கும்.

உனக்கு ஞாபகம் இருக்கும். விமான நிலையத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "நம்ம பக்கத்துல, நம்ம பாஷையில ஒரு பள்ளிக்கூடம் மட்டும் வரட்டும் அக்கா, அடுத்த ப்ளேன்லயே திரும்பிருவோம்." அதை வைத்துத்தான் நான் இதில் இறங்கினேன். வேறு யாருக்காகவும் இல்லை என்று சொன்னால் வெர்னா கோபித்துக்கொள்வாள், அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

பெட்டியில் கருவாடும் உப்பில் ஊறின பிளம் பழமும் அனுப்பியிருக்கிறேன். லீகோவுக்கு ஒரேயடியாகக் கொடுக்காதே.

உன் அக்கா,
மோமி

*

லாஸ் வேகாஸ்
22 பிப்ரவரி 2015

அன்புள்ள அக்காவுக்கு,

அலோஹா. நாங்கள் எல்லோரும் நலம். உன் முழங்காலை "அதை விடு" என்று எழுதினால் நான் விட்டுவிடுவேனா? டாக்டரிடம் போ. லீகோவுக்கு மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது. ஈரத்துண்டு செய்ததா, அவளுக்கே இந்த ஊர் பழகிவிட்டதா, தெரியாது.

பெட்டி வந்தது. கருவாட்டைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்க வீட்ல கேஸ் லீக் ஆகுதா?" என்று கேட்டார். ரோமெல் முகத்தை வைத்துக்கொண்டு, "ஆமா சார், எங்க ஊரு கேஸ்" என்றான். அந்த மனிதர் போன பிறகு சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

ஹோட்டலில் வேலை பழையபடிதான். விரிப்பு, துண்டு, விரிப்பு, துண்டு. ரோமெலுக்கு ஏசி ரிப்பேர் வேலை நிறைய வருகிறது. இந்த ஊரில் வெயில் இருக்கும்வரை அவனுக்குச் சோறு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். லீகோவின் அறைக்கு மஞ்சள்.

பள்ளி விஷயம் படித்தேன். நீ ஒன்றைக் கையில் எடுத்தால் ஒற்றைக் காலில் நின்று முடிப்பாய் என்று எனக்குத் தெரியும். லீகோவின் பெயரைப் போட வேண்டுமென்றால் போட்டுக்கொள். அதற்கென்ன.

உன் தங்கை,
நோஹே

*

கப்போலெய்
29 மார்ச் 2015

என் தங்கம் நோஹேவுக்கு,

அலோஹா. உன் கடிதம் வந்த அன்று முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. எல்லோரும் சுகம்தானே? வேலை வேலை என்று நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்காதே.

"பெயரைப் போட்டுக்கொள்" என்று நீ எழுதிய வரியை வெர்னாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் விண்ணப்பத்தின் முதல் பெயர் லீகோதான். தெரிந்துகொள்.

பிள்ளைகள் வருவார்கள் என்று பெற்றோர் உறுதி சொன்னால்தான் சார்ட்டர் பள்ளி ஆணையம் அனுமதி கொடுக்கும். உள்ளூரில் அலைந்து பார்த்தோம். புதுத் தெருக்களில் கதவைத் திறக்கிறவர்கள் நல்லவர்கள்தான், தண்ணீர் கொடுக்கிறார்கள், "அழகான முயற்சி" என்கிறார்கள். பிள்ளையை அனுப்புவீர்களா என்றால் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிடுகிறது. நம்மவர்களில் இங்கே மிச்சம் இருக்கிறவர்கள் பாதி பேர்தான். மீதி எல்லாம் உன்னைப்போல அங்கே. அதனால் வேகாஸில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஃபோன் போட்டேன். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை நோஹே. "பள்ளிக்கூடம் வந்தா வராம எங்க போவோம் ஆன்ட்டி" என்றார்கள்.

வெர்னாதான் முணுமுணுத்தாள். "வேகாஸ்ல உக்காந்திருக்கறதுங்களையும் சேக்கறியே, இது சரியா வருமாடி?"

"ஏன் வராது?"

"அவங்க இருக்கறது நெவாடாவுல மோமி. நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி."

"நம்மள எவனாவது பாத்தா முதல்ல என்ன கேப்பான்? எங்க குடியிருக்கேன்னா? எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ளன்னுதானே? லீகோ எந்த ஊரு, சொல்லு."

"நம்ம நானாகுலி."

"அவ்வளவுதான். எழுது."

எழுதினாள். எழுதும்போதே, "உன் தங்கச்சி வரும்போது அவளுக்கு எங்க வீட்டுப் பின்பக்கத்து ரூமையும் எழுதி வைக்கவா, அதுலதான் நீ ஏற்கெனவே படுத்திருக்க" என்று ஒரு குத்து. அவள் வாய் அப்படி. வாடகை வாங்காமல் என்னை வைத்திருக்கிறவள் பேசிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. மே மாதத்தோடு வேலையை விடுகிறேன். முழு நேரமும் இதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று ஆணையத்தில் கேட்கிறார்கள். பதினெட்டு வருஷம் அடுத்தவர் வகுப்பில் உதவியாளாக நின்றது போதும்.

அது சரி, வாடகை வீட்டுக்கு எதற்குப் பெயிண்ட்? வீட்டுக்காரன் சும்மா விடுவானா?

உன் அக்கா,
மோமி

*

லாஸ் வேகாஸ்
17 மே 2015

அன்புள்ள அக்காவுக்கு,

அலோஹா. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் நலம். நீ நலமா? டாக்டரிடம் போனாயா?

வேலையை ஏன் விட்டாய் அக்கா? அனுமதி வந்த பிறகு விட்டிருக்கலாமே. இப்போதாவது லீவு என்று மாற்றிக் கேட்க முடியுமா பார். வெர்னா ஆன்ட்டியும் ஒன்றும் சொல்லவில்லையா?

லீகோ நன்றாக இருக்கிறாள். இங்கே நம்மவர்கள் நடத்தும் ஹூலா நடன வகுப்புக்குப் போகிறாள். ஆசிரியை ஹீலோவிலிருந்து வந்தவர், கண்டிப்பானவர். லீகோ வீட்டுக்கு வந்ததும் அவரைப்போலவே இடுப்பில் கை வைத்து எங்களைத் திட்டுகிறாள். பள்ளியிலும் சிநேகிதிகள் இருக்கிறார்கள். வாரம் ஒருத்தி வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போகிறாள்.

பின்பக்கம் ஒரு பிளுமேரியா கிளையை நட்டிருக்கிறேன். இங்கே பனிக்காலத்தில் போர்வை போட்டு மூட வேண்டுமாம், குழந்தையைப்போல. பார்ப்போம்.

உன் தங்கை,
நோஹே

*

கப்போலெய்
21 ஜூன் 2015

என் தங்கம் நோஹேவுக்கு,

அலோஹா. எல்லோரும் சுகம்தானே. நான் சுகம். வேலை போனது போனதுதான், அதைப் பற்றி இனி எழுதாதே.

நேற்று இடத்தைப் போய்ப் பார்த்தேன். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், காலி நிலம். கொடுப்பதாக இருக்கிறவர்கள் அனுமதி வந்தால்தான் கையெழுத்துப் போடுவார்கள். செம்மண் காற்றில் பறந்து என் வெள்ளைச் சட்டை கெட்டது. ஆனாலும் உட்கார்ந்து பார்த்தேன். வாசல் மலைப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். லீகோ வகுப்பு எந்த மூலையில் என்றுகூட நினைத்துவிட்டேன். சிரிக்காதே.

இன்னொரு கூட்டமும் விண்ணப்பம் போட்டிருக்கிறது. கலிஃபோர்னியா பக்கத்திலிருந்து வந்து குடியேறினவர்கள். கம்ப்யூட்டர், ரோபோ என்று ஏதோ பள்ளி. தலைவர் பெயர் கிரெய்க். கூட்டத்தில் பார்த்தேன். மரியாதையான மனிதர், அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

கவனமாகப் படி. ஆணையத்திலிருந்து பெற்றோருக்கு ஃபோன் செய்து கேட்கப்போகிறார்கள். ஜூலையில் வரும். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டுவிடாதே. எடுத்து, "வரோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

பெயிண்ட் விஷயம் நீ எழுதவே இல்லை.

உன் அக்கா,
மோமி

*

லாஸ் வேகாஸ்
26 ஜூலை 2015

அன்புள்ள அக்காவுக்கு,

அலோஹா. நலம், நலமறிய ஆவல்.

இங்கே வெயில் தாங்கவில்லை. கார் கதவைத் தொட்டால் கை பொரிகிறது. ரோமெல் தினமும் மூன்று சட்டை மாற்றுகிறான். லீகோ சுகம்.

நீ சொன்ன ஃபோன் வந்தது. எடுத்துப் பேசினேன். பேசின பெண் நல்லவளாகத் தெரிந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

நோஹே

*

கப்போலெய்
16 ஆகஸ்ட் 2015

நோஹேவுக்கு,

அலோஹா. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை.

கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை விசாரணை. வெர்னா எல்லோருக்கும் லெய் மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஆணையத்துக்காரர்களுக்கும் சேர்த்து. அவர்கள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டேதான் இல்லை என்று சொன்னார்கள். பாடத்திட்டம் நன்று, ஆட்கள் நன்று, ஆனால் பிள்ளைகள் இல்லை என்றார்கள். வெளியூரில் இருக்கும் குடும்பங்களுக்கு ஃபோன் செய்தார்களாம். ஒருவரும் வருவதாகச் சொல்லவில்லையாம்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மைக் முன்னால் போய் நின்றேன். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள், நான் கேட்கவில்லை. "மத்தவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. வாழ்க்கைப்பாடு, பயந்திருப்பாங்க. ஆனா என் தங்கச்சி வருவா. என் தங்கச்சி புள்ள வரும். அத மொதல்ல எழுதிக்கங்க" என்றேன்.

தலைவி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மிஸ் கெகோவா, நாங்க எல்லாருக்குமே ஃபோன் பண்ணினோம்" என்றாள், மெதுவாக. 

"அப்போ சரியா காது கேக்கல உங்க ஆளுக்கு" என்றேன்.

வெர்னா வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "வாடி, போதும், வா." வெளியே கார் நிறுத்தும் இடத்தில் வைத்து, "மோமி, உன் தங்கச்சிக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளேன்" என்றாள். அவளை நான் பேசின பேச்சுக்கு அவள் என்னை அன்றே வீட்டைவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. இரவு சோறு கொண்டுவந்து வைத்தாள்.

நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. யார் யார் முடியாது என்றார்கள் என்பதை ஆணையத்தில் சொல்ல மாட்டார்கள். சொல்லாததும் நல்லதுதான். நாளைக்கு அவர்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டாமா?

கிரெய்க் ஆட்களுக்குக் கிடைத்துவிட்டது. அவர்கள் பிள்ளைகள் எல்லாம் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறார்கள்.

மோமி

*

கப்போலெய்
29 நவம்பர் 2015

நோஹேவுக்கு,

அலோஹா. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ரோமெலின் அண்ணன் மனைவியைக் கடையில் பார்த்தேன், நீங்கள் எல்லோரும் சுகம் என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்தவள், சாமான் எடுக்க மறந்துவிட்டதாகச் சொல்லி வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

பழைய பள்ளியில் என் இடத்துக்கு வேறு பெண் வந்தாயிற்று. சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டிப் பகுதியில் நிற்கிறேன். விடிகாலையில் போனால் மதியத்துக்குள் முடிந்துவிடும். என்னிடம் படித்த பிள்ளைகள் அம்மாவோடு வந்து, "மிஸ், நீங்க ஏன் இங்க இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். கேக் நன்றாக இருக்கும், வாங்கிக்கொள் என்கிறேன்.

நன்றி சொல்லும் நாளில் வெர்னா வீட்டில் வான்கோழி. எனக்கு இறங்கவில்லை.

ஒரு விஷயம். அடுத்த சுற்றில் மறுபடி விண்ணப்பம் போடலாமாம். வெர்னாவுக்கு மனசு இல்லை. மற்றவர்கள் ஃபோனையே எடுப்பதில்லை. பரவாயில்லை, இரண்டு பேர் இருந்தால்கூடத் தொடங்கலாம். பிப்ரவரிக்குள் பெயர்கள் கொடுக்க வேண்டும். லீகோ பெயரை மறுபடி முதலில் போடப்போகிறேன். போடட்டுமா என்று கேட்கவில்லை, போடுகிறேன் என்று சொல்கிறேன்.

பதில் எழுது. இரண்டு வரியானாலும் எழுது.

மோமி

*

லாஸ் வேகாஸ்
10 ஜனவரி 2016

அக்கா,

போடாதே.

அலோஹா சொல்லாமல் தொடங்குகிறேன், மன்னித்துக்கொள். அதைச் சொல்லிவிட்டால் மறுபடி வெயில், கருவாடு, ஹூலா என்று எழுதி மூடிவிடுவேன்.

இந்த வீடு எங்களுடையது. வாடகை இல்லை. நீ பள்ளி என்று முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே வாங்கிவிட்டோம். அதனால்தான் பெயிண்ட். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதை வந்தது.

ஆணையத்துப் பெண் கேட்டாள். "உங்க பொண்ணு வர்ற வருஷம் ஓஆஹுவுல ஸ்கூல்ல சேருவாளாம்மா?" "அது வந்து" என்று இழுத்தேன். அவளே, "சிரமமா இருந்தா அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். "வேணாம். நாங்க இங்க வீடு வாங்கிட்டோம். வர மாட்டோம்" என்றேன். "இதை எங்க அக்காகிட்ட சொல்லிராதீங்க" என்றும் சொன்னேன். அவள் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள் சொல்லாமல் காப்பாற்றினாள். நீ மைக் முன்னால் நின்று என் பெயரைச் சொன்னாய் என்று படித்தபோது குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். ரோமெல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது அக்கா. பள்ளிக்கூடம் வந்தால் நாங்கள் எங்கே தங்குவோம் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? உனக்கே வெர்னா ஆன்ட்டி வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு அறை. நானும் ரோமெலும் இரண்டு இரண்டு வேலை பார்த்தும் அங்கே மூன்று குடும்பம் ஒரே வீட்டில் கிடந்தோம். லீகோ எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்கினாள். இங்கே அவளுக்கு ஒரு அறை, ஒரு கதவு. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பாடுகிறாள். பள்ளிக்கூடத்துக்குள்ளேயா பாய் விரித்துப் படுப்போம்?

விமான நிலையத்தில் நீ அழுத அழுகையை நிறுத்த எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. பெரிய வார்த்தையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. நடக்காத ஒன்றாகப் பார்த்துத்தான் சொன்னேன். நீ போய் அதைக் கட்டத் தொடங்குவாய் என்று நான் கண்டேனா?

மற்றவர்களையும் ஏசாதே. எல்லோரும் என்னைப்போலத்தான். உன்னிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நோஹே

*

கப்போலெய்
6 மார்ச் 2016

அன்புள்ள நோஹேலானிக்கு,

அலோஹா. கடிதம் கிடைத்தது. நீயும் உன் கணவரும் மகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வீடு வாங்கியதற்கு வாழ்த்துகள். இத்துடன் கொஞ்சம் உப்பு அனுப்பியிருக்கிறேன், ஹனபேபே உப்பளத்திலிருந்து வந்தது, வெர்னாவிடம் கேட்டு வாங்கினேன். தண்ணீரில் கரைத்து வாசலிலும் மூலைகளிலும் தெளி. குடி போகும் முன்னால் செய்ய வேண்டியது. இப்போது செய்தாலும் தப்பில்லை.

விண்ணப்பம் போடவில்லை.

மோமிலானி கெகோவா

*

லாஸ் வேகாஸ்
15 மே 2016

அன்புள்ள அக்காவுக்கு,

அலோஹா. உடம்பு எப்படி இருக்கிறது? நீ முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திட்டி எழுதியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

உப்பைத் தெளித்தோம். லீகோதான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இத பெரியம்மா வந்துல்ல செய்யணும்?" என்று கேட்டாள். ரோமெல் எங்கோ பார்த்தான். நான் அடுத்த மூலைக்குப் போய்த் தெளித்தேன்.

அக்கா, இங்கே ஒரு அறை காலியாக இருக்கிறது. ரோமெல்தான் சொல்கிறான், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "அக்காவ கூப்பிடு. அங்க ரொட்டி அடுக்கிட்டு என்ன பண்றாங்க?" என்கிறான். நம்மவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடினால் நானாகுலி கடற்கரை என்றே நினைத்துக்கொள்ளலாம், கடல் மட்டும் இருக்காது. நீ வர மாட்டாய் என்று தெரியும். வா என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் தங்கை,
நோஹே

*

கப்போலெய்
7 ஆகஸ்ட் 2016

என் தங்கம் நோஹேவுக்கு,

அலோஹா. எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? எனக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள். நடக்க முடிகிறது. உன் மே மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று இல்லை. உட்கார்ந்தால் எழுத ஒன்றும் வரவில்லை.

கிரெய்க் பள்ளி திறந்துவிட்டது. அந்த ரயில் பாதை பக்கத்து நிலத்தில்தான். நாங்கள் கைவிட்டதும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் அவர் ரொட்டிப் பகுதிக்கே வந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. "திறப்பு விழாவுக்கு ஆசி சொல்லி மந்திரம் ஓதணும். நீங்க செஞ்சாத்தான் பொருத்தமா இருக்கும். மாட்டேன்னாலும் எனக்குப் புரியும்" என்றார்.

வெர்னா காதில் விழுந்ததும் தட்டைப் போட்டு உடைத்தாள். "கல்யாணப் பொண்ண கொண்டுபோயிட்டு அந்தக் கல்யாணத்துக்கு மந்திரம் ஓத உன்னையே கூப்பிடறானா?" என்றாள். ஆனால் இந்த மண்ணில் எந்த வாசல் திறந்தாலும் நம்மில் ஒருவர் ஓத வேண்டும், கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்பக்கூடாது. பிள்ளைகள் நடமாடப்போகிற இடம். ஓதாமல் விட்டு நாளைக்கு ஒரு குழந்தை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் என் மனசு என்னைச் சும்மா விடுமா? போனேன்.

வாசல் மலைப்பக்கம் இல்லை, சாலைப்பக்கம். மைலே இலைக்கொடியை வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்தார்கள். ஒரு பையன் கத்தரிக்கோல் கொண்டுவந்தான். வெட்டக்கூடாது, அவிழ்க்க வேண்டும் என்று சொல்லி, நானே அவிழ்த்தேன். ஓதினேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது. பிள்ளைகள் பேசாமல் நின்று கேட்டார்கள். அழகான பிள்ளைகள் நோஹே. நான் அவர்களை வெறுக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. எல்லோரும் வெள்ளைச் சட்டையில் முதல் நாள் முகத்தோடு இருந்தார்கள். அதில் ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது. நான் பிறந்து வளர்ந்த பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகள், ஒருத்தருடைய பாட்டனையும் எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் கேக் கொடுத்தார்கள். நான் காலையில் அடுக்கிவைத்த கேக். ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண், டெக்ஸஸிலிருந்து வந்து வருஷம் ஆகவில்லையாம். "உங்க வீட்டுப் பசங்களும் இங்கதான் சேர்ந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"என் தங்கச்சி பொண்ணு. அடுத்த வருஷம் வருவா" என்றேன்.

"அப்படியா, எந்த கிளாஸ்?"

"அஞ்சாவது."

"எங்க எம்மாவும் அடுத்த வருஷம் அஞ்சாவதுதான். ஒரே கிளாஸ்ல இருப்பாங்க. பேர் என்ன?"

சொன்னேன். அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு, "எம்மா, அடுத்த வருஷம் லீகோன்னு ஒரு பொண்ணு உன் கிளாஸுக்கு வருவா. நீதான் அவள பாத்துக்கணும்" என்றாள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துத் தலையாட்டியது. தன் பக்கத்து இடத்தை விட்டுவைப்பதாகச் சொன்னது.

நேற்றுக் கடைக்கு வந்தார்கள். தூரத்திலிருந்தே எம்மா கை காட்டி, "லீகோவுக்கு நாய் புடிக்குமா?" என்று கத்தினாள். புடிக்கும் என்றேன். எனக்குத் தெரியாது நோஹே. அவளுக்கு நாய் பிடிக்குமா பிடிக்காதா என்றுகூட எனக்குத் தெரியாது.

இனி வாரத்துக்கு இரண்டு தடவை ரொட்டி வாங்க வருவார்களாம். வந்தால் கேட்பார்கள், கேட்டால் நான் சொல்வேன். அந்தக் குழந்தை அடுத்த ஆகஸ்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது நான் இந்த ஊரில் இருக்கக்கூடாது.

உன் வீட்டில் அந்த அறை இன்னும் காலியாக இருக்கிறதா?

உன் அக்கா,
மோமி